வீட்டுத் திண்ணையில் நுரையீரல் பயிற்சி – ஒரு மதிப்பீடு

மூச்சு வாங்கும் நோயாளிக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்துவிடலாம். ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு செயலி இருந்தால் போதும். இப்படியொரு கருத்து அண்மை ஆண்டுகளில் மருத்துவ ஏடுகளிலும் கருத்தரங்க மேடைகளிலும் பரவலாகப் பேசப்படுகிறது. 2020-இல் கொரோனாத் தொற்று பரவி, புறநோயாளிப் பிரிவுகளின் கதவுகள் பாதி மூடிக்கொண்டபோது இந்தப் பேச்சுக்கு வலு கூடிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளில், மருத்துவர் நோயாளியுடன் பேச வாட்ஸ்அப் போன்ற சாதனங்களையும் பயன்படுத்தலாம் என்று இடம் தரப்பட்டது. பிறகென்ன! படங்களும் பாடங்களும் கைப்பேசி விட்டுக் கைப்பேசி பறக்கத் தொடங்கின.

கருத்து நல்லதுதான். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சோதனைகள் உண்மையில் சொல்வது என்ன? நம் கையில் வந்து சேரும் சரக்கு அந்தச் சோதனைகளில் வெற்றி பெற்ற சரக்குதானா? இவ்விரண்டையும் இங்கே உரசிப் பார்க்க எண்ணுகிறேன். உரைகல்லாகத் தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னை அண்ணா நகரில் பலிக்கும் ஏற்பாடு சித்தேரி மலையில் பலிக்குமா என்று கேட்டுப் பார்த்தால்தான் அதன் சாயம் நிற்கிறதா வெளுக்கிறதா என்பது தெரியும்.

துருத்தியும் உலைக்களமும்

முதலில் இந்தப் பயிற்சி என்ன என்பதில் தெளிவு வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே போனால் விமர்சனம் காற்றில் கட்டிய கோட்டையாகிவிடும்.

நாட்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் என்பதை மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்ற நான்கெழுத்தால் குறிப்பார்கள். நம் ஊர்களில் ‘இளைப்பு’ என்ற ஒரே சொல்லில் இதுவும் ஆஸ்துமாவும் அடங்கிவிடும். இந்நோயில் மூச்சுக் குழல்கள் சுருங்கிச் சளியால் அடைபடுகின்றன. காற்றுச் சிற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, நுரையீரல் தன் இழுவிசையை இழந்த பழைய ரப்பர்போல் தொய்கிறது. உள்ளே போன காற்று முழுதும் வெளியே வருவதில்லை. நோயாளி சற்று வேகமாக நடந்தால் போதும். முதல் மூச்சு வெளியேறும் முன்னே அடுத்த மூச்சு உள்ளே வந்து, மார்பு காற்றால் திணறுகிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5.53 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக ‘லான்செட்’ குழும ஏடு ஒன்றில் 2018-இல் மதிப்பீடு வெளியாயிற்று. காசநோய் குணமான பின்னும் தழும்பேறிய நுரையீரலோடு இதே போல இளைப்பவர்கள் இந்தக் கணக்குக்கு மேல்.

சிதைந்த சிற்றறையை எந்தப் பயிற்சியும் திரும்பக் கட்டித் தராது. பிறகு பயிற்சியால் என்ன பயன்? இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது. மூச்சு வாங்குகிறதே என்று நோயாளி நடையைக் குறைக்கிறார். நடை குறைந்ததால் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கே களைத்து, லாக்டிக் அமிலத்தை அதிகமாகச் சுரக்கிறது. அதைச் சமன்செய்ய உடல் கூடுதலாகக் கரியமில வாயுவை வெளித்தள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு மேலும் மூச்சு வாங்க வேண்டும். மூச்சு வாங்குவதால் நடை மேலும் குறைகிறது. இந்தச் செக்குச் சுற்றில் அகப்பட்டவர் கடைசியில் கட்டிலோடு கிடக்கிறார்.

பயிற்சி இந்தச் சுற்றை வெட்டும் இடம் நுரையீரல் அன்று, கால்! ஓட்டைத் துருத்தியைத் தைக்க முடியாது. ஆனால் குறைந்த காற்றிலேயே வேலை நடக்கும்படி உலைக்களத்தைத் திருத்தி அமைக்கலாம் அல்லவா? அது போலத்தான். வாரத்தில் பல நாட்கள், இளைப்பு வரும் அளவுக்கு நடக்க வைத்து, உட்கார்ந்து எழ வைத்து, படியேற வைத்து, அந்த அளவை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியின் உயிர்நாடி. வழக்கமாக 8 வாரங்கள் நடக்கும். 65 சோதனைகளையும் 3,822 நோயாளிகளையும் தொகுத்து ஆராய்ந்த ‘காக்ரேன்’ ஆய்வுரை 2015-இல் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் 6 நிமிடங்களில் நடக்கும் தூரம், பெறாதவர்களைவிடச் சராசரியாக 44 மீட்டர் கூடியிருந்தது. 44 மீட்டர் என்ன பெரிய தூரமா என்று கேட்கத் தோன்றும். வீட்டு வாசலுக்கும் தெருக்குழாய்க்கும் இடையே உள்ள தூரம் அது. அதைத் தாண்ட முடிகிறவரும் முடியாதவரும் வேறு வேறு வாழ்க்கை வாழ்கிறார்கள்.

கைப்பேசியில் வருவது என்ன?

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் சுற்றிவரும் ‘நுரையீரல் பயிற்சி’ப் படங்கள் பலவற்றை உட்கார்ந்து பார்த்தேன். சில மருத்துவர்கள் பேசியவை. சில யாரோ பேசியவை. பெரும்பாலானவற்றில் கால்கள் படத்திலேயே இல்லை! ஒருவர் நாற்காலியில் அமர்ந்து மூக்கால் இழுத்து வாயால் விடுகிறார். இன்னொருவர் பலூன் ஊதுகிறார். மூன்றாமவர், கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அந்த மூன்று பந்துக் கருவியை உறிஞ்சிப் பந்துகளை எழுப்புகிறார். பார்ப்பவருக்கு நுரையீரலுக்கு ஏதோ நடக்கிறது என்ற நிறைவு ஏற்படுகிறது. ஆனால் மேலே சொன்ன செக்குச் சுற்று அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடும் முறை நல்லது. குழல்கள் மடிந்து அடைபடாமல் காற்று வெளியேற அது உதவுகிறது. இளைப்பு வந்தவரின் பதற்றமும் தணிகிறது. எனவே பயிற்சியில் அதற்கு இடம் உண்டு. மூன்று பந்துக் கருவியோ, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆழ்ந்து மூச்சிழுக்கச் செய்வதற்காக வந்த கருவி. அதைக் கொண்டு நடைப் பயிற்சியை ஈடுகட்ட முடியாது. பலூனை முக்கி ஊதுவது, சிற்றறைகள் காற்றுப் பைகளாகப் புடைத்துள்ள நோயாளிக்கு வேண்டாத வேலை. இதை எந்தப் படமும் சொல்லக் கேட்கவில்லை.

பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நுரையீரல் நலமாக இருக்கிறது என்று 2020-இல் ஒரு செய்தி உலகமெங்கும் சுற்றியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். உலக சுகாதார நிறுவனமே அதை மறுத்துச் சொல்ல நேர்ந்தது. அச்செய்தி ஓய்ந்தபின் வந்த பயிற்சிப் படங்களிலும் அதன் சாயல் தெரிகிறது. மூச்சைப் பற்றிய செய்தி என்றால் அது மூச்சை இழுத்துப் பிடிப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பிராணாயாமத்தின் நாட்டில் அது இயல்புதான். அதன் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் மெலிந்த தொடை பிராணாயாமத்தால் வலுப்பெறாது.

இன்னொரு குறை படம் எடுத்தவர்களின் கண்ணில் படாதது. அவை காட்டும் நோயாளி, ஒரு காலத்தில் சிகரெட் பிடித்த, கால்சட்டை அணிந்த, ஓய்வு பெற்ற ஆண். தரை மழமழப்பாக இருக்கிறது, மின்விசிறி சுழல்கிறது. பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூரில் இளைக்கும் பெண், வாழ்நாளில் பீடியைத் தொடாதவராக இருக்கலாம். முப்பது நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் குனிந்து ஊதியதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், புகை பிடிக்காத 900 பெண்களைச் சோதித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அவர்களில் 2.44 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. ‘நீங்கள் புகை பிடிப்பீர்களா?’ என்று செயலி கேட்டால் அந்தப் பெண் ‘இல்லை’ என்றே பதில் சொல்வார். ‘அடுப்பில் என்ன எரிக்கிறீர்கள்?’ என்று கேட்கத் தெரியாத செயலி அவருக்கு எதற்கு?

சோதனைகள் சொல்வது

வீட்டுப் பயிற்சிக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் நடந்து 2017-இல் வெளியான சோதனை. 166 நோயாளிகளில் ஒரு பிரிவினர் வழக்கம்போல் மருத்துவமனைக்கு வந்து 8 வாரம் பயின்றனர். மறு பிரிவினர் வீட்டிலேயே பயின்றனர். 8 வாரம் முடிந்தபோது நடைத் தூரத்தில் வீட்டுப் பிரிவு பின்தங்கவில்லை. பயிற்சியை முடித்தவர்களோ, வீட்டில் 91 விழுக்காடு, மருத்துவமனையில் 49 விழுக்காடு. போக வர இருக்கும் தொல்லையே பாதிப் பேரை நிறுத்திவிடுகிறது என்பது இதனால் விளங்குகிறது.

ஆனால் அந்த வீட்டுப் பிரிவினருக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். முதலில் ஓர் இயன்முறை மருத்துவர் அவரவர் வீட்டுக்கே போனார். நோயாளியின் திறனை அறிந்து, முதல் பயிற்சியை உடனிருந்து செய்யவைத்து, இலக்கு வகுத்துக் கொடுத்தார். பிறகு வாரம் ஒரு முறையாக 7 முறை தொலைபேசியில் பேசினார். இந்த வாரம் எவ்வளவு நடந்தீர்கள், ஏன் குறைந்தது, அடுத்த வாரம் எவ்வளவு கூட்டலாம் என்று. செயலி இல்லை, காணொளி இல்லை, வெறும் தொலைபேசி! வென்றது கருவியன்று, கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தது. இதைக் காட்டிச் செயலிக்கு ஆதரவு தேடுவது, மாமியார் சமைத்த விருந்துக்குப் பாத்திரத்தைப் பாராட்டுவது போலத்தான்.

சீனாவில் ‘வீசாட்’ என்ற சமூகச் செயலி வழியே 106 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2020-இல் வந்தது. மூன்று மாதம் செயலி வழி பயின்றவர்களுக்கும் நேரில் பயின்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. (அதே 2020-இல் ஜூன் மாதம் இந்தியாவில் அச்செயலி தடைசெய்யப்பட்டது, எனவே நம்மவர் எல்லோரும் வாட்ஸ்அப்பையே பேசுகிறார்கள்.) 2021-இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, தொலைவிலிருந்து தரும் பயிற்சி பற்றிய 15 ஆய்வுகளை, 1,904 பேரை, ஒன்றாக எடைபோட்டது. நேரில் தரும் பயிற்சிக்கு ஏறக்குறைய நிகரான பலன். முடித்தவர்கள் தொலைவில் 93 விழுக்காடு, நேரில் 70 விழுக்காடு. கேட்க இனிக்கிறது. ஆயினும் அந்த 15-க்குள் தொலைபேசி அழைப்பும் உண்டு, நேரடிக் காணொளி வகுப்பும் உண்டு, இணையதளமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு ‘தொலைவழி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். எந்தப் பண்டம் இனித்தது, எது புளித்தது என்று கூடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுகள் சிலவே என்பதையும், நீண்ட நாள் பலன் விளங்கவில்லை என்பதையும் தொகுத்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேலும், இத்தகைய சோதனைகளில் கருவியைக் கையாளத் தெரிந்தவர்களே சேர்கிறார்கள். தெரியாதவர் வாசலிலேயே விடுபட்டுப் போகிறார்; விழுக்காட்டுக் கணக்கில் அவர் இல்லை.

சேத்துப்பட்டில் நடந்த பாடம்

நுரையீரல் நோயாளியை வீட்டில் வைத்துக் கவனிக்க முடியுமா என்ற கேள்வியை உலகுக்கே தீர்த்துவைத்த சோதனை நம் சென்னையில்தான் நடந்தது. நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கைகோத்த மையம் அது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை. படுக்கைகளோ மிகக் குறைவு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் தலைமையில், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு. மறு பிரிவு, நெருக்கடியான தன் வீட்டுக்கே. இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ். என்னும் அமிலமும், ஓராண்டுக்கு.

1959-இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. அரைவயிற்றுச் சோறுண்டு, நெரிசலான அறையில் படுத்து, வேலையும் செய்துகொண்டிருந்தவர்கள், சானடோரியத்தில் பாலும் முட்டையும் உண்டவர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே தேறியிருந்தார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் இரு பிரிவிலும் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் நோய் அடங்கியிருந்தது. வீட்டாருக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தக் கூடாது. வீட்டு நோயாளி வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து பெற்றார். மையத்தின் சுகாதாரப் பார்வையாளர்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள், சில சமயம் முன்னறிவிப்பின்றியும். மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்துச் சோதித்து, மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளி பொய்யர் என்பதற்காக அன்று. உடம்பு தேறியதும் மாத்திரையை மறப்பது மனித இயல்பு என்பதற்காக. வீடு ஆஸ்பத்திரிக்கு நிகராயிற்று என்றால், ஆஸ்பத்திரியின் ஒரு பகுதி வீட்டுக்கு நடந்து போனதால் நிகராயிற்று.

அறுபது ஆண்டு கழித்து அதே நோய்க்குக் கைப்பேசி வந்தது. மாத்திரை அட்டையைப் பிரித்தால் உள்ளே ஒரு தொலைபேசி எண் தெரியும். அதற்கு ஒரு கட்டணமில்லா அழைப்புக் கொடுத்தால், மாத்திரை சாப்பிட்டதாகக் கணினியில் பதிவாகும். ‘99டாட்ஸ்’ என்று பெயர். அருமையான யுக்தி! சென்னையிலும் வேலூரிலும் மும்பையிலும் எச்.ஐ.வி.-யும் சேர்ந்துள்ள காசநோயாளிகளின் வீடுகளுக்குத் திடீரென்று போய்ச் சிறுநீரைச் சோதித்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. அழைப்புக் கணக்கும் சிறுநீரும் பலரிடம் ஒத்துப்போகவில்லை. விழுங்கிவிட்டு அழைக்காதவர்களும் இருந்தார்கள். விழுங்காமல் அழைத்தவர்களும் இருந்தார்கள். ஒரு மாத்திரையை விழுங்கியதையே கைப்பேசியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், இளைப்பு வரும் அளவுக்கு முப்பது நிமிடம் நடந்ததை அது எப்படிச் சொல்லும்? நடையைச் சோதிக்கச் சிறுநீரும் இல்லையே!

தருமபுரிக்கு வருவோம்

வீட்டுப் பயிற்சி எங்கே தேவை என்று கேட்டால் தருமபுரியைப் போன்ற இடத்தில்தான். 2008-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. அரூரிலிருந்து அங்கு போக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வாரம் மூன்று முறையென 8 வாரத்துக்கு 24 முறை போய்வந்தால் 1,920 கிலோமீட்டர். சித்தேரி மலையிலிருந்து வருபவர் அதற்கு முன்னே அரூர் வரை இறங்கியாக வேண்டும். இளைக்கும் மனிதரைத் தனியே அனுப்ப முடியாது. துணைக்குப் போகிறவரின் கூலியும் போகும். மெல்போர்னிலேயே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்றால், இங்கே எத்தனை பேர் முடிப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் செயலி வழிப் பயிற்சி தடுமாறும் இடமும் இதுவேதான். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. இளைப்பு நோயாளிகளில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த வயதினரிடம் எழுத்தறிவு இன்னும் குறைவு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிலேயே இணையத்தை என்றாவது பயன்படுத்தியவர்கள் பாதியை எட்டவில்லை. அதற்கு மூத்த பெண்களை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. வீட்டில் தொடுதிரைக் கைப்பேசி இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அது யாருடைய கைப்பேசி? மகனுடையது. மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான். கைப்பேசியும் அவனோடு இருக்கிறது. வீட்டில் இருப்பது பொத்தான் பேசி. அதில் குரல் வரும், படம் வராது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. மெல்போர்னில் வென்றதும் குரல்தான்!

விரலில் மாட்டிப் பிராணவாயு அளவு பார்க்கும் சிறு கருவியைப் பற்றியும் ஒரு சொல். நடக்கும்போது அளவு 88 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. அமர்ந்திருக்கும்போது 95 காட்டுபவருக்கு நடக்கையில் கிடுகிடுவென இறங்குவதுண்டு. ஆகையால் நடக்க வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அக்கருவி கறுத்த தோலில் உள்ளதைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2020-இல் எடுத்துக்காட்டியது. வெயிலில் உழைத்துக் கறுத்த நம் மக்களிடம் எல்லைக்கோட்டு எண்ணை நம்பி, ‘பச்சை விளக்கு எரிகிறது, நடங்கள்’ என்று செயலி சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. முகம் வெளிறுவதையும், பேச முடியாமல் தவிப்பதையும் பார்க்கக் கண் வேண்டும். கைப்பேசியின் படக்கருவியில் விரலை வைத்தே பிராணவாயுவை அளந்து சொல்வதாகக் கூறும் செயலிகளை அறவே ஒதுக்கிவிடலாம்.

அந்தக் கண் நம்மிடம் இல்லாமலும் இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில். 2004 வரை அப்பகுதி தருமபுரி மாவட்டத்தில் இருந்ததே. இத்திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது; இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். பக்கவாதத்தில் விழுந்தவரின் கைகாலை நீட்டி மடக்கக் கற்றுத் தருபவர், இளைப்பு நோயாளியின் காலுக்கும் கற்றுத் தரத் தடை என்ன? காசநோய்ச் சாவைத் தடுக்க 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இன்னொரு பாடம். நோய் கண்டவுடனேயே எடை, மூச்சு வேகம், பிராணவாயு அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மிக நலிந்தவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். 1959-இல் ‘வீடே போதும்’ என்று காட்டிய மாநிலம், எல்லோருக்கும் வீடு போதாது என்பதையும் தானே கண்டு திருத்திக்கொண்டது. இளைப்பு நோயாளிகளையும் இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகே வீட்டுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். நெஞ்சுவலி உள்ளவரும், பாதம் வீங்கியவரும் முதலில் மருத்துவரிடம் போகட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் முதலில் சளிப் பரிசோதனைக்குப் போகட்டும். காசநோய் மண்டிய நாட்டில் ‘இளைப்புத்தானே’ என்று பயிற்சிப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்புவது ஆபத்து.

அளப்பதற்கும் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் சமதளம் தேவை. வத்தல்மலையில் அதற்கு எங்கே போவது? ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கையூன்றாமல் உட்கார்ந்து எழுகிறார் என்று எண்ணும் சோதனை இருக்கிறது. நாற்காலி இல்லாத வீட்டில் திண்ணை உண்டு. திண்ணையின் உயரம் வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே ஒருவரின் எண்ணிக்கையை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது. ஆனால் அதே ஆள், அதே திண்ணை, முதல் வாரம் 11, நான்காம் வாரம் 15 என்றால், அந்தக் கணக்கில் பிழை இல்லை. சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்தாலும் போதும்.

கைப்பேசிக்கு இதில் வேலை இல்லையா? உண்டு. வாரம் ஒரு நாள் அழைத்து ‘அம்மா, இந்த வாரம் எத்தனை எழுந்தீங்க? தண்ணி எடுக்கப் போனீங்களா?’ என்று கேட்க அது வேண்டும். பத்துப் பேரைச் சேர்த்து ஒரு குழுவாக்கி, ஒருவர் நடந்ததை மற்றவர் குரலில் கேட்கச் செய்யலாம். படம் அனுப்பினால், அந்த ஊர்த் திண்ணையில் அந்த ஊர்ப் பெண் எழுந்து உட்காரும் படமாக அனுப்பலாம். எடுப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

மெல்போர்ன் சோதனையில் நான் இன்னும் சொல்லாத ஒரு முடிவு உண்டு. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வீட்டில் பயின்றவர்களிடமும் மருத்துவமனையில் பயின்றவர்களிடமும் பெற்ற பலன் பெரும்பாலும் கரைந்து போயிருந்தது. எட்டு வாரத்தோடு தொலைபேசி அழைப்பு நின்றது. நடையும் நின்றது போலும். ஆகவே இத்தகைய திட்டத்தோடு யார் வந்தாலும், செயலியின் பெயரையும் வண்ணத்தையும் கேட்பதற்கு முன், ஒன்பதாம் வாரம் அந்த அம்மாளை அழைக்கப் போவது யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.